கப்பல் விருந்துக்கு ஒத்திகை

கப்பலில் விருந்துக்கு அழைக்கப்பட்டவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சொல்வேன். அதற்கு மார்பளவு புகைப்படம் வேண்டும். புகைப்படத்தில் இருப்பவர் அவரேதான் என்று பச்சை மையில் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி வேண்டும். அந்த அதிகாரி நம்மை ஒருமுறையாவது பார்த்திருந்தால் நல்லது, கட்டாயமில்லை. இதே கேள்வியை என் மனைவியிடம் கேட்டால், முதலில் பச்சை முந்திரி உரிக்க வேண்டும் என்பாள். அவள் சொல்வதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையின் அலுவலகத்தில் நான் வேலை பார்த்துவந்தேன். மின்கம்பத்தில் உட்காரும் வெள்ளைக் குமிழ்களும், ஊறுகாய் ஜாடிகளும், கோப்பைகளும் செய்த ஆலை. சூளைக்கு மறுபக்கத்தில் எங்கள் குடியிருப்பு. காற்று திரும்பினால் துவைத்த வேட்டியை மறுபடி துவைக்க வேண்டியிருக்கும்.

என் மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு பயணிகள் கப்பலில் சமையற்காரர். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பும் கொஞ்சம் புன்செயும் உள்ள குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து கப்பலுக்குப் போனதும் சொந்தக்காரர்கள் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள்: 'சட்டி கழுவப் போனவன்'. அவர் உண்மையிலேயே சட்டி கழுவித்தான் தொடங்கினார். பிறகு காய் நறுக்கினார், பிறகு ரொட்டி சுட்டார். நான் சொல்லும் காலத்தில் இரண்டாம் நிலைச் சமையற்காரர். பட்டம் மட்டும் உயர்வு பெறவில்லை. அவருக்குப் பெண் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை.

ஒரு பங்குனி மாதம் விடுப்பில் வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியை வைத்ததும் சொன்னார்.

"மாப்ள, கம்பெனியில புதுசா ஒரு டூரு விடறாங்க. கொழும்பு, அந்தமான்னு சுத்திட்டு மறுபடி மெட்ராசுக்கே வந்துடும்."

"யார் இறங்குவார்கள், எங்கே?" என்றேன்.

"யாரும் எறங்க மாட்டாங்க. திங்கிறதுக்கும் கடலப் பாக்கறதுக்கும்தான் டிக்கெட்டு."

எங்கும் போய்ச் சேராமல் இருப்பதற்குப் பயணச்சீட்டு வாங்குவார்கள் என்று நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அப்படிப்பட்ட கப்பலுக்குத் தலைமைச் சமையற்காரர் வேண்டும். அந்த இடத்துக்கு இரண்டு பேர்: என் மைத்துனர், பம்பாயிலிருந்து வந்த இன்னொருவர். பயணம் தொடங்கும் முன் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே கம்பெனி மேலதிகாரிகளுக்கும் அவர்கள் மனைவியருக்கும் என் மைத்துனர் ஒரு விருந்து கொடுக்க வேண்டும். சமைத்துவிட்டு அடுக்களையில் நின்றுவிட முடியாது. மேசைத் தலைமாட்டில் விருந்தளிப்பவராக உட்கார வேண்டும். பயணத்தின்போது தலைமைச் சமையற்காரர் அப்படித்தான் உட்கார்ந்து பயணிகளோடு பேசிச் சாப்பிடுவாராம். தன் பக்கமாக வீட்டார் இருவரை அழைத்துக்கொள்ளலாம்.

"சரியா போச்சின்னா டூரு எனக்கு. இல்லன்னா பம்பாய்க்காரனுக்கு. நான் மறுபடி ரெண்டாவது ஆளுதான்" என்றார்.

"எத்தனை வருஷமா இரண்டாவது ஆள்?"

"என் தலையப் பாத்துக்குங்க."

தலையில் கறுப்பு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீயும் மாப்ளயும் வரணும். எனக்கு வேற யாரு இருக்காங்க?"

"அங்க கத்தியும் முள்ளும் வெச்சித் தின்பாங்களாமே. என் மானம் போவும்ணா."

"உன் மானம் போனா திரும்பி வந்துடும். எனக்கு வேல போனா வராது."

அவள் உலையில் அரிசி போட எழுந்து போனாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

அவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் அடுக்களை அவர் வசமாயிற்று. நான் நடைமுறை தெரிந்தவன் என்று அலுவலகத்தில் பெயர் எடுத்தவன். ஆனால் என் நடைமுறையெல்லாம் காகிதத்தில் இருந்தது. அவருடையது கையில் இருந்தது. வெங்காயம் நறுக்கினால் ஒரு துண்டை இன்னொரு துண்டிலிருந்து வேறு பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வேலை முடிந்ததும் பலகையைத் துடைக்காமல் அடுத்த வேலையைத் தொட மாட்டார். கொதிக்கும் பாத்திரத்தின் அருகே நின்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். "இப்ப எறக்கு" என்பார். இறக்கினால் சரியாக இருக்கும். அவர் சமைக்கும்போது பார்த்துக்கொண்டே இருப்பதற்காக நான் இரண்டு நாள் அரை நாள் விடுப்பு எடுத்தேன். காரணம் என்று உடல்நலக் குறைவை எழுதினேன். அது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான நோய்.

விருந்தின் முதல் பதார்த்தம் பச்சை முந்திரிப் பருப்பில் செய்யும் சூப் என்று அவர் முடிவு செய்திருந்தார். பம்பாய்க்காரரால் முடியாத ஒன்று வேண்டும் என்றார். எங்கள் பக்கத்து முந்திரி, அதுவும் காயாமல் பச்சையாக உரித்தது. அதை உரிப்பது எளிதல்ல. கொட்டையின் ஓட்டில் ஒரு பால் உண்டு. தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, சாம்பலில் தொட்டுத் தொட்டுக் கீறிப் பருப்பை முழுதாக எடுக்க வேண்டும். எப்படி எடுத்தாலும் விரல் நுனிகள் கறுத்துவிடும்.

"நீ உரிக்காத. விருந்துல உக்காரணும், கையி கறுத்துடும்" என்றார் அண்ணன்.

"நீ உரிச்சா மட்டும் கறுக்காதா? நீதான தலமாட்டுல உக்காரப் போற" என்று கூடையை இழுத்துக்கொண்டாள்.

அவள்தான் உரித்தாள். அவர் பருப்பை எடுத்துக்கொண்டு முன்னதாகச் சென்னைக்குப் போனார். விருந்துக்கு முந்தைய நாள் வரை உரித்து உரித்து, பேருந்திலும் ரயிலிலும் போகும் ஆட்கள் மூலம் இன்னும் இரண்டு முறை கொடுத்தனுப்பினாள்.

இதற்கிடையில் ஒத்திகை நடந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு. இளமையில் சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தபோது மேசை நாகரிகம் பற்றிய ஒரு கையேட்டை முழுதும் படித்திருந்தேன். சாப்பிட்டுப் பார்த்ததில்லை. ஆனால் விதிகள் தெரியும். முள் இடது கையில், கத்தி வலது கையில். கரண்டிகளை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சூப்பைக் கரண்டியால் நம் பக்கம் இழுக்கக் கூடாது, எதிர்ப்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். உறிஞ்சும் சத்தம் வரக் கூடாது. விருந்து கொடுக்கும் வீட்டம்மா கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம்.

தட்டுக்குப் பஞ்சமில்லை. சூளையில் வளைந்துபோய்க் கழித்துப் போட்ட தட்டுகள் ஆலையில் மலைபோல் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணல். இட்லியை முள்ளால் குத்திக் கத்தியை வைத்தால் தட்டு பம்பரம்போல் சுற்றும். பக்கத்து வீட்டில் பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். கிறிஸ்தவக் குடும்பம். திருமணத்துக்கு வந்த முள் கரண்டிப் பெட்டியை அதற்குப் பிறகு திறக்காமல் வைத்திருந்தவர், எங்களுக்காகத் திறந்தார்.

"எங்க வூட்ல இது கல்யாணப் போட்டோவுக்குத் தொறந்தது, அப்புறம் இப்பதான்" என்று கொடுத்தார். சுற்றும் தட்டைப் பார்த்துவிட்டு, "சார், இதுல பழகினவங்க கப்பல்ல ஆட்டம் வந்தாலும் சாப்புடுவாங்க" என்றார்.

தினமும் மாலை நான் உட்கார்ந்து, இரசத்தைச் சாசரில் ஊற்றி, விதிப்படி சாப்பிட்டுக் காட்டுவேன். மனைவி எதிரில் நின்று கவனிப்பாள்.

"நீயும் உட்கார்" என்பேன்.

"நீங்க சாப்புட்டு முடிங்க. நான் அப்புறமா பழகிக்கறேன்."

நான் முடித்து எழுந்து போன பிறகு அவள் ஆசிரியையோடு அடுக்களையில் உட்கார்ந்து பழகுவாள். "உங்க வூட்டம்மாவுக்குக் கை நல்லா வந்துடிச்சி சார். தோசய முள்ளால சுருட்டறாங்க" என்று ஆசிரியை எனக்கு அறிக்கை கொடுப்பார். தேர்வு முடிவு திருப்தியாக இருந்ததால், தேர்வு எழுதுவதை நான் நேரில் பார்க்கவில்லை.

விருந்து நாளன்று ரயிலில் எழும்பூர் போய், என் திருமணக் கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகம் சேர்ந்தோம். வாசல் காவலர் அனுமதிச் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. மனைவியின் பட்டுப் புடவையைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டார். கப்பல் சாயங்கால வெயிலில் நின்றது. அதன் மேல் ஏறும் படிக்கட்டு அசைந்தது. அவள் ஒரு கையால் புடவையையும் ஒரு கையால் என் கோட்டையும் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

சாப்பாட்டு அறை. வெள்ளை விரிப்பு, மெழுகுவத்தி, துணியை மடித்து அன்னம்போல் நிறுத்தியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். என் மைத்துனர் வெள்ளை உடையும் உயரத் தொப்பியுமாக மேசைத் தலைமாட்டில் நின்று, ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் வரவேற்று உட்கார வைத்தார். ஸ்ரீமுஷ்ணத்துச் சொந்தக்காரர்கள் அந்த நிமிடம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். சட்டி கழுவுவதிலிருந்து அந்த நாற்காலிவரை அவர் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதித்தவரல்ல. ஒவ்வொன்றிலும் நின்று, தேய்ந்து, ஏறி வந்தவர். அது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

எதிர்க் கடைசியில் கம்பெனியின் மேலாளர். பெரிய உருவம், குறைந்த பேச்சு. அவர் மனைவி என் பக்கத்தில். என் மனைவி அண்ணனுக்கு வலப்புறம், எனக்கு எதிரில்.

சூப் வந்தது. வெண்ணெய் நிறத்தில், மேலே மிளகுப்பொடி தூவி. எல்லோரும் மடியில் துணியை விரித்துக்கொண்டார்கள். யாரும் கரண்டியை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் புன்னகைத்தோம். பிறகு மேலாளரின் மனைவி என் மனைவியைப் பார்த்தார். மேலாளரும் பார்த்தார். வரிசையாக எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. விருந்து கொடுப்பவர் என் மைத்துனர். அவர் பக்கத்து ஒரே பெண் என் மனைவி. கையேட்டின்படி இந்த மேசைக்கு வீட்டம்மா அவள்தான். அவள் தொடங்காமல் ஒருவரும் தொடங்க முடியாது. அவள் பாட்டுக்குக் கறுத்த விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மேசையின் மேல் குனிந்து, "ஆரம்பி" என்றேன் மெதுவாக.

"நீங்க சாப்புடுங்க."

"நீ எடுத்தால்தான் நாங்கள் எடுக்கலாம்."

"வூட்டுக்காரம்மாவே இன்னும் எடுக்கலியே" என்று மேலாளரின் மனைவியைக் கண்ணால் காட்டினாள்.

"இங்கே வீட்டுக்காரி நீதான்."

"இது என் வூடாங்க?" என்றாள். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "இத்தினி ஆம்பளைங்க பசியோட உக்காந்திருக்க, நான் முந்திக் கைய வெக்கறதா? நீங்க எல்லாரும் முடிங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஆண்கள் உண்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். அதுவரை வாழ்நாளில் ஒருமுறைகூட எனக்கு முன்பாகவோ, என்னோடு சேர்ந்தோ அவள் ஒரு வாய் உண்டதில்லை. முள்ளைப் பிடிப்பது, கத்தியைச் சாய்ப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். எங்களுக்கு முன்னால் உண்பது மட்டும் தெரியாது. மேசை அவளுக்காகக் காத்திருந்தது. அவள் மேசைக்காகக் காத்திருந்தாள். இரண்டு மரியாதைகளும் நேருக்கு நேர் நின்றன.

முந்திரி சூப் ஆறினால் மேலே ஆடை கட்டும். கட்டத் தொடங்கியது. தலைமாட்டில் இருந்த என் மைத்துனர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்கடியில் வியர்வை ஓடியது. ஆறிய சூப்போடு தொடங்கும் விருந்து எப்படி முடியும் என்று சொல்ல மேலாளர் தேவையில்லை.

அவர் எழுந்தார். விருந்தளிப்பவர் நடுவில் எழக் கூடாது. எழுந்து தங்கையின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"பாப்பா, உப்பு பாத்துச் சொல்லு."

அவ்வளவுதான். அவள் உடனே கரண்டியை எடுத்தாள். எதிர்ப்பக்கமாகத் தள்ளி, சத்தமில்லாமல், ஒத்திகையில்கூட நான் செய்யாத நேர்த்தியோடு வாயில் வைத்தாள். பன்னிரண்டு கரண்டிகள் ஒன்றாக எழுந்தன.

முந்திரி பறிக்கும் நாட்களில் அவர்கள் வீட்டில் கூலியாட்களுக்குச் சமைப்பது அண்ணன்தானாம். சமைக்கிறவர் ஆட்களுக்குப் போடும் முன் தன் வாயில் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். உப்புப் பார்ப்பது தங்கையின் வேலை. உப்புப் பார்ப்பது உண்பதில் சேராது. விரதத்தன்றுகூட அவளைக் கூப்பிட்டுத்தான் பார்க்கச் சொல்வார்கள். இதைப் பிறகு எனக்குச் சொன்னார்கள். எந்தக் கையேட்டிலும் இது இல்லை.

அவள் நாக்கில் அதை வைத்துக் கொஞ்சம் யோசித்தாள். "உப்பு சரியா இருக்குது. மெளகு தூக்கல்."

மேலாளர் என்னிடம், அம்மையார் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மிகவும் அருமை என்கிறார் என்றேன்.

"மெளகு தூக்கல்னு சொன்னேன். அத ஏன் சொல்லல?" என்றாள் என் மனைவி. அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

வேறு வழியின்றிச் சொன்னேன். பிறகு மேலாளரின் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் அப்படித்தான் பட்டது, சொல்லத் தயக்கமாக இருந்தது என்றார். யாரோ சிரித்தார்கள். மைத்துனர் தலையை ஆட்டி, "அடுத்ததுல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஆள் அனுப்பினார்.

மீன் வந்தபோது அவர் மறுபடி தங்கையின் பக்கத்தில் நின்றார். அவள் முள்ளால் சிறிது எடுத்தாள். "எலுமிச்சம்பழம் இன்னும் கொஞ்சம் புழியலாம்." எலுமிச்சம்பழம் வந்தது. கோழி வந்தது. "இதுல ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல." இதற்குள் மேசையில் இருந்தவர்கள் தாங்களாகவே அவள் வாயைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் தலையாட்டிய பிறகே கத்தியை எடுத்தார்கள். அப்படியாக என் மனைவி முழு விருந்தையும், ஒரு வாய்கூட உண்ணாமல், உப்புப் பார்த்தே முடித்தாள். அவள் தட்டுகளும் காலியாகத்தான் போயின. ஆனால் அவள் கணக்கில் அது சாப்பாடு இல்லை.

காப்பிக்காக எல்லோரும் வெளித்தளத்துக்குப் போனார்கள். மேலாளர் விருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பக்கத்திலிருந்தவரோடு பேசிக்கொண்டே போனார்.

நாங்கள் மூவரும் கப்பலின் அடுக்களைக்கு வந்தோம். மைத்துனர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். விருந்தளிப்பவர் எழுந்தது, நின்றது, எல்லோர் முன்னாலும் தன் சமையலில் குறை கேட்டது என்று மீறிய விதிகளை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணி முடித்துவிட்டார் போலும்.

"போச்சி பாப்பா."

"என்னா போச்சி? தட்டுல இருந்தது எல்லாம்தான் போச்சி. ஒருத்தரு ஒண்ணு மீதி வெக்கல. சோறு இருக்குதா? எனக்குப் பசிக்குது."

கப்பல் ஆட்களுக்கென்று வடித்த சோறும் மீன் குழம்பும் இருந்தன. அண்ணனும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாரோ என்னவோ. இருவரும் இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு முக்காலியில் உட்கார்ந்து கையால் பிசைந்தார்கள். கறுத்த விரல்களை இப்போது அவள் மறைக்கவில்லை. நான் விருந்துண்டவன் என்பதால் எனக்குத் தட்டு இல்லை. மோர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பணி எனக்குக் கிடைத்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மேலாளர். மைத்துனர் சோற்றுக் கையோடு பாதி எழுந்துவிட்டார்.

"சோத்துல பாதியில எழுந்திரிக்காதண்ணா" என்றாள் தங்கை, தலையைத் திருப்பாமல். "உக்காரு. அவரு நிப்பாரு."

மைத்துனர் ஒரு கணம் தயங்கினார். எத்தனையோ வருடம் மணி அடித்தால் எழுந்து பழகிய மனிதர். உட்கார்ந்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கி, அடுத்த பிடியை உருட்டினார்.

மேலாளர் உண்மையிலேயே நின்றார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, இருவரும் உண்பதைப் பார்த்துக்கொண்டு, பொறுமையாக. குழம்புச் சோறு தீர்ந்து மைத்துனர் நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். கொழும்புப் பயணத்துக்கு வேண்டிய ஆட்களை இவரே பொறுக்கிக்கொள்ளட்டும் என்றும், நாளைக் காலை கம்பெனி அலுவலகத்துக்கு வந்து பேசலாம் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பம்பாய்க்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"யெஸ் சார்" என்றார் மைத்துனர்.

மேலாளர் தலையசைத்துவிட்டுப் போனார். மைத்துனர் எழவில்லை. தங்கையின் தட்டில் குழம்புச் சோறு இன்னும் இருந்தது. தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதில் கொஞ்சம் சோறு வைத்து, மோர் ஊற்றச் சொல்லி என்னைப் பார்த்தாள். ஊற்றினேன்.